டிக்கெட் இல்லாத கலைக்கூடம்: ராமநாதபுரம் கரையோரத்தில் மண்குதிரை பார்க்கப் போவது எப்படி?

ராமநாதபுரம் சீமையில் பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சீமைக்கருவேலங்காடு ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று நாலைந்து பனை, ஒரு பெரிய வேம்பு, அதன் அடியில் வரிசையாகக் குதிரைகள். முழியை உருட்டிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றுக்குக் காது இருக்காது, இன்னொன்றுக்குத் தலையே இருக்காது. நன்றாகப் பார்ப்பதற்குள் பஸ் தாண்டிப் போயிருக்கும்.

அந்த பஸ்ஸிலிருந்து இறங்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கலைக்கூடம் என்பது நான் வைத்த பெயர். பூசாரியிடம் போய் அப்படிச் சொல்லிவிடாதீர்கள், அவருக்கு அது அய்யனார் கோயில். ஆனால் மண்ணில் செய்த மனித உயரக் குதிரை, நாய், தொட்டில், பிள்ளை பொம்மை, மீசை முறுக்கிய கருப்பர் என்று இவ்வளவு கைவேலை ஒரே இடத்தில், வானத்துக்குக் கீழே, பூட்டும் காவலாளியும் இல்லாமல் கிடப்பதை வேறு எங்கே பார்க்க முடியும்?

இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் அடித்துப் பிடித்துப் பார்த்தால் எல்லாக் குதிரையும் ஒரே குதிரையாகத் தெரியும்.

கிளம்பும் முன்

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்க்கரைப் பாதையெல்லாம் சேறாகிவிடும். தை, மாசி நல்ல காலம். வெயில் தாங்கும், வழியில் பனங்கிழங்கு கிடைக்கும். மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட ஊர் ஊராகச் சனம் வரும். அன்று கோயில் உயிரோடு இருக்கும், ஆனால் உங்களுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. புதுக் குதிரைகளைத் தூக்கி வரும் புரவியெடுப்புத் திருவிழாவைப் பார்க்க ஆசை என்றால், கோடையில் தொடங்கி ஆவணி வரைக்கும் ஊருக்கு ஊர் தேதி மாறும். எல்லா ஊரிலும் வருடா வருடம் நடப்பதும் இல்லை. மழை, மகசூல், ஊர் ஒற்றுமை மூன்றும் கூடி வரவேண்டும், மூன்றாவதுதான் கஷ்டம்.

சுலபமாகக் கழற்றி மாட்டும் செருப்பு, தண்ணீர், தொப்பி, சின்ன டார்ச் போதும். டார்ச் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். பைக்கில் போகிறவர்கள் பங்க்சர் கிட் இல்லாமல் கிளம்பாதீர்கள். கருவேல முள் டயரைப் பார்த்தால் விடாது. ஒருமுறை கண்மாய்க்கரையில் பின் டயர் போய், கடை இருக்கும் ஊருக்கு இரண்டு மணி நேரம் வண்டியைத் தள்ளியிருக்கிறேன், மத்தியான வெயிலில். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, கரை முழுக்கக் கண்காணிப்பு. விசாரணை என்று உட்கார்ந்தால் அன்றைய பொழுது அதோடு சரி.

முதலில் மானாமதுரை

நேரே கோயிலுக்குப் போகாதீர்கள். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரோட்டில் சுமார் 50 கிலோமீட்டரில் மானாமதுரை. சிவகங்கை மாவட்டம்தான், ஆனாலும் தொடங்க வேண்டிய இடம் இது. கச்சேரிகளில் வாசிக்கும் கடத்துக்கு இந்த ஊர் மண்தான் பேர்போனது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காலை எட்டு மணிக்குள், மண்பாண்டம் செய்யும் வேளார் தெருவுக்குப் போய்விட்டால் மண் மிதிப்பதையும் சக்கரம் சுற்றுவதையும் பார்க்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது சக்கரத்தை அல்ல, தட்டுப்பலகையை. பானையைச் சக்கரத்தில் இழுத்துவிடலாம், ஆள் உயரக் குதிரையை முடியாது. கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்து, முதலில் நாலு கால்களை உருளை உருளையாக நிறுத்துவார்கள். அது கொஞ்சம் இறுகிய பிறகுதான் மேலே வயிறு. உள்ளே ஒரு கையால் தாங்கி, வெளியே பலகையால் தட்டித் தட்டி ஏற்றுவார்கள். ஈரம் அதிகமானால் கால் வளைந்து குதிரை உட்கார்ந்துவிடும், காய்ந்துவிட்டால் மேல் மண் ஒட்டாது. அந்த இடைப்பட்ட பதத்துக்கு அளவுகோல் எதுவும் இல்லை, உள்ளங்கை வைத்துப் பார்ப்பதுதான். கழுத்து, தலை, அப்புறம் கயிறு திரித்தது போல ஒட்டும் கடிவாளம், சலங்கை, கழுத்துமணி. நிழலில் நாள்கணக்கில் காய வைத்து, விறகும் வரட்டியும் வைக்கோலும் அடுக்கி, மேலே ஓட்டாஞ்சில்லைப் பரப்பிச் சுடுவார்கள்.

உமி எதற்கு என்று கட்டாயம் கேளுங்கள். சூளையில் உமி எரிந்துபோய் மண்ணுக்குள் நுண்ணிய ஓட்டைகள் விழும், ஈரம் ஆவியாக வெளியேற அதுவே வழி. உமி இல்லாத கனத்த சுவர் சூட்டில் வெடித்துவிடும்.

எந்நாளும் குதிரை வேலை நடக்காது. கோயில் குதிரை, கடைச் சரக்கு இல்லை. ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை வெற்றிலை பாக்கோடு வேளார் கையில் கொடுக்க வேண்டும். பிடிமண் கொடுப்பது என்பார்கள். அந்த மண்ணைச் சேர்த்துத்தான் வேலை தொடங்கும். நீங்கள் போகிற அன்று அடுப்பும் பூந்தொட்டியும்தான் செய்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை, கையைப் பாருங்கள். அந்தக் கையின் தடத்தை நாளைக்கு வேறு இடத்தில் பார்க்கப்போகிறீர்கள். ஒன்றும் வாங்க வேண்டாம், திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

வழியில் ஒரு அரண்மனை

மத்தியானம் ராமநாதபுரம். அரண்மனை வளாகத்தில் ராமலிங்க விலாசம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழவன் சேதுபதி காலத்தில் எழும்பிய கட்டடம், இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுவரிலும் விதானத்திலும் சேதுபதிகள் காலத்து ஓவியங்கள்: ராமாயணம், தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை, தர்பார், வெள்ளைக்காரர் சந்திப்பு. நாம் பார்க்கப் போவது சண்டைக் காட்சியில் வரும் குதிரைகளை. பக்கவாட்டில் முகம், பெரிய கண், வளைந்த கழுத்து, முன்கால் தூக்கல். இதை மனதில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனால், அரண்மனை ஓவியனும் கண்மாய்க்கரை வேளாரும் குதிரைக்குக் கொடுத்த மிடுக்கு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று புரியும். என் கணக்கில் வேளார் குதிரைக்குக் கோபம் கொஞ்சம் கூட. ஒரு மணி நேரம் போதும்.

கோயிலைக் கண்டுபிடிப்பது

கூகுள் மேப்பில் எல்லாக் கோயிலும் வராது, வருகிறவற்றில் பாதி நாலு தெரு தள்ளி நிற்கும். கண்மாயைத் தேடுங்கள். அய்யனார் ஊர் எல்லைக்கும் தண்ணீருக்கும் காவல், ராத்திரியில் குதிரையேறி ரோந்து போவார் என்பது நம்பிக்கை. அதனால் கண்மாய்க்கரையில், மடைக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் இருப்பார். பெயரே சொல்லிவிடும்: நிறைகுளத்து அய்யனார், மடைக்கருப்பர். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம், அங்கிருந்து ராஜசிங்கமங்கலம், தொண்டி என்று போகும் கரையோரப் பாதையில் கண்மாய்களுக்குக் குறைவில்லை. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பழமொழியில் வரும் ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயும் இந்த வழியில்தான். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களான நவபாஷாணத்தை விடிகாலையில் பார்த்துவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் முதல் கோயிலுக்குப் போய்விடலாம்.

டீக்கடையில் இறங்கிக் கேளுங்கள். ‘டெரகோட்டா’ என்றால் யாருக்கும் தெரியாது. ‘பழைய மண்குதிரை இருக்கிற அய்யனார் கோயில் எங்கிட்டு இருக்கு?’ என்று கேட்டால் மூன்று பேர் மூன்று வழி சொல்வார்கள். ‘பழைய’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். விட்டால் போன வருடம் பெயின்ட் அடித்த சிமென்ட் குதிரைக்கு அனுப்பிவிடுவார்கள், ஊருக்கு அதுதான் பெருமை.

உள்ளே

எல்லைக்கல்லோ முதல் குதிரையோ கண்ணில் பட்டதும் செருப்பைக் கழற்றிவிடுங்கள். தரையைப் பார்த்து நடங்கள், முள் இருக்கும். ஆள் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். பல ஊர்களில் குதிரை செய்யும் வேளாரே பூசாரியாகவும் இருப்பார். போன மாசியில் நடந்த பேச்சு இது:

“அய்யா, குதிரையப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம். உள்ள வரலாங்களா?”

“எந்த ஊரு தம்பி?”

“ராம்நாடுதான்யா. கேணிக்கரை.”

“யாரு வீட்டுப் புள்ள?”

சொன்னேன். யோசித்தார். எனக்குத் தெரியாத என் சித்தப்பா ஒருவரை விசாரித்தார். அப்புறம்தான், “வாங்க, கும்பிட்டுட்டுப் பாருங்க” என்றார்.

எந்த ஊர், யார் வீடு என்ற கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் கேமராவை எடுக்க வேண்டும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் சென்னை என்று சொல்லி நிறுத்திவிடாமல், பூர்வீகம் எது என்றும் சொல்லுங்கள், அதைத்தான் கேட்கிறார். சில கோயில்களில் கருப்பர் சன்னிதிப் பக்கம் பெண்கள் போகக் கூடாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் விருந்தாளியாகப் போன இடம், கேட்டுக்கொண்டு நில்லுங்கள். மூலவரைப் படம் எடுக்கலாமா என்பதையும் தனியாகக் கேளுங்கள். குதிரைக்குச் சம்மதம் தந்தால் சாமிக்கும் தந்ததாக ஆகாது.

நடுவில் உட்கார்ந்திருப்பவர் அய்யனார். ஒரு காலை மடக்கி, முழங்காலைச் சுற்றிப் பட்டை கட்டி, கையில் செண்டு என்கிற வளைகோல். இருபுறமும் அவர் தேவியர் பூரணை, புட்கலை. அய்யனார் சைவம், கருப்பர் அசைவம். அதனால் கருப்பருக்குக் கிடாய் வெட்டும்போது அய்யனார் முன்னால் திரை போட்டு மறைத்துவிடுவார்கள். ஒரே காம்பவுண்டில் இரண்டு சாப்பாட்டுப் பழக்கம் இருக்கிற வீடுகளுக்கு இது புதிதில்லை.

இனி குதிரைகள். புதிதிலிருந்து பழையதற்கு நடப்பது என் வழக்கம். முன்வரிசையில் சிமென்ட் குதிரைகள் எனாமல் பெயின்டில் பளபளக்கும். இவற்றை அலட்சியமாகத் தாண்டிப் போகிறவர்கள் ஒன்றைத் தவற விடுகிறார்கள்: பீடத்தில் உபயதாரர் பெயரும் வருடமும் எழுதியிருக்கும். சிங்கப்பூர், மலேசியா, துபாய். இந்த மாவட்டத்திலிருந்து எந்தக் காலத்தில் யார் எங்கே பிழைக்கப் போனார்கள் என்பதைக் குதிரைப் பீடங்களை வரிசையாக வாசித்தே ஓரளவு சொல்லிவிடலாம். நான் நோட்டில் குறித்துக்கொள்வதுண்டு.

அடுத்த வரிசையில் சுண்ணாம்பு அடித்த மண்குதிரைகள். வயிற்றுக்கு அடியில் ஒரு தூணோ பூதமோ முட்டுக் கொடுத்து நிற்கும். நேற்று தெருவில் பார்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கனமான வயிற்றைப் பச்சை மண் கால்கள் தனியாகத் தாங்காது. அலங்காரம் போலத் தெரிந்தாலும் அந்தப் பூதத்துக்கு முக்கியமான வேலை இருக்கிறது. கண்களைப் பாருங்கள். ஊர்வலம் கிளம்பும் முன் கண் திறப்பார்கள். அதுவரைக்கும் அது மண், அப்புறம் புரவி. கம்புகளைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே ஓட்டமும் நடையுமாக வரும்.

கடைசியாக, கோயிலுக்குப் பின்னால் போங்கள். முள்ளுக்கும் ஆவாரஞ்செடிக்கும் நடுவில் குவியலாகக் கிடக்கும். பாதி முகம், தனிக் கால், குப்புற விழுந்த வயிறு. பெரும்பாலானவர்கள் இது குப்பை என்று திரும்பிவிடுவார்கள். டார்ச்சை இங்கேதான் எடுக்க வேண்டும். உடைந்த வயிற்றுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், கையை மட்டும் விடாதீர்கள், தேளும் பாம்பும் குடியிருக்கும் இடம். வெளிப்பக்கம் பலகை தட்டி வழவழப்பாக இருக்கும். உட்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் அப்படியே விட்டிருப்பார்கள். நாலு விரலும் சேர்த்து மேலே இழுத்த கோடுகள். மண்ணோடு மண் சேர்த்த இடத்தில் கட்டைவிரல் அமுக்கிய குழி, அதில் நகத்தின் பிறை. உற்றுப் பார்த்தால் எள் அளவு பள்ளங்கள் இருக்கும், நெல்லுமியின் வடிவத்திலேயே. உமி எரிந்துபோய் அதன் அச்சு மட்டும் மிச்சம். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் முழுக் குதிரையில் இதைப் பார்க்கவே முடியாது.

தலை இல்லாத ஒன்றைக் காட்டி, “இத ஏன்யா சரி பண்ணாம விட்டுட்டீங்க?” என்று கேட்டேன்.

“குடுத்தது குடுத்ததுதானே தம்பி. அவரு அதுல ஏறிப் போயிட்டாரு. இனி நமக்கு அதுல என்ன சோலி? வேணும்னா புதுசு செஞ்சு வைக்கட்டும்.”

அதனால் ஒரு சில்லைக்கூட எடுக்காதீர்கள். ‘சும்மாதானே கிடக்கிறது’ என்று தோன்றும், அழகான காது ஒன்று காலடியில் கிடக்கும். அது இன்னொருவர் வேண்டுதல். நிமிர்த்தி வைக்கவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். கிளம்பும்போது உண்டியல் இருந்தால் அதில் போடுங்கள், இல்லாவிட்டால் விளக்குக்கு எண்ணெய் வாங்க என்று சொல்லிப் பூசாரியிடம் கொடுங்கள். ‘போட்டோ எடுத்ததற்கு’ என்று கொடுத்தால் முகம் மாறிவிடும்.

குதிரையே இல்லாத ஊரில் இத்தனை குதிரை ஏன்?

நுங்கு வெட்டும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இது. இந்தக் காய்ந்த கரையில் குதிரை மேய்ந்ததில்லை, பெரும்பாலும் கடல் வழியாக வந்தவை. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் காயல் துறையில் இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, வருடா வருடம் இவ்வளவு குதிரை வாங்கியும் பராமரிக்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். தொண்டிக்கு வடக்கே, புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில்தான் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் அந்தப் பணத்தில் கோயில் கட்டினார், சிவன் நரியைப் பரியாக்கி அனுப்பினார் என்ற கதை பிறந்த ஊர். உயிருள்ள குதிரை ராஜாவுக்கு, கதைக் குதிரை பக்தருக்கு, மண்குதிரை கண்மாய் வைத்திருக்கும் ஊருக்கு. ‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்ற பழமொழியை இங்கே சொல்லிப் பார்க்காதீர்கள். இவர்கள் நம்பித்தான் விதைக்கிறார்கள். (அது குதிரை இல்லை, ‘மண்குதிர்’, அதாவது ஆற்றுமணல் திட்டு என்று சொல்கிறவர்களும் உண்டு.)

தொண்டிப் பக்கம் நேரம் மிச்சமிருந்தால் ஓரியூர் போய்விட்டு வாருங்கள். 1693 பிப்ரவரி 4 அன்று போர்ச்சுகல் பாதிரியார் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடம். அங்கே மண் சிவப்பாக இருக்கிறது, ரத்தம் பட்டு அப்படியானது என்று நம்பி எல்லா மதத்தாரும் ஒரு பிடி எடுத்துப் போகிறார்கள். பிடிமண் கதையைக் கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு இது தனியாகப் புரியவைக்க வேண்டியதில்லை.

ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்கள் பாம்பன் தாண்டியதும் தங்கச்சிமடத்தில் இறங்குங்கள், வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில், கிறிஸ்தவர்களின் புனித யாக்கோபு. குதிரைமேல் வாளோடு வருபவர்தான் கடற்கரைக்குத் தெரிந்த சந்தியாகப்பர். ஜூலை 25ஐ ஒட்டி நடக்கும் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வருவார்கள். அய்யனாரைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்த என் அத்தை மகள், “இவரும் ராத்திரி ரோந்து போவாரா அத்தான்?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

தனுஷ்கோடிக் கடைகள்

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரைப் பார்க்க வருகிற கூட்டத்தை நம்பி ஓலைக் கொட்டகைகளில் சிப்பிக் கடைகள் இருக்கின்றன. சோழி மாலை, சங்குக் கண்ணாடி, சிப்பி ஒட்டிய மயில். எனக்குப் பிடிக்கும், கொஞ்சம் அசட்டுத்தனமான அழகு. ஆனால் பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை இரண்டையும் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, சோதனையில் பிடித்தால் விற்றவர் பக்கத்தில் இருக்கமாட்டார். இவ்வளவு குதிரை பார்த்தாயிற்று, கடல்குதிரையாவது கடலில் இருக்கட்டும்.

திரும்பும்போது

மறுபடி மானாமதுரை. முதல் நாள் பார்த்த அதே வாசலுக்குப் போய், ஒரு ஜாண் உயரக் குதிரை கேளுங்கள். சின்னது பெரும்பாலும் கைவசம் இருக்கும், இல்லாவிட்டால் சொல்லிவைத்துவிட்டு வரலாம். வண்ணம் அடிக்காததை எடுங்கள். தட்டிப் பார்த்தால் கணீரென்று கேட்க வேண்டும், ‘தொப்’ என்றால் வேகவில்லை அல்லது எங்கோ கீறல். தலைகீழாகத் திருப்பி வயிற்று ஓட்டையில் டார்ச் அடித்துப் பாருங்கள், விரல் தடம் இருந்தால் கையால் ஏற்றியது, வழுவழுவென்று இருந்தால் அச்சில் ஊற்றியது. பேரம் பேசலாம், ரொம்ப வேண்டாம். காதும் முன்காலும்தான் முதலில் உடையும். அதனால் வைக்கோல் கேட்டு வயிற்றுக்குள்ளும் கால்களுக்கு நடுவிலும் திணித்து, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் மேலே லக்கேஜ் கம்பியில் வைத்தால் திருப்புவனம் தாண்டுவதற்குள் காது போயிருக்கும்.